எந்த பாத்திரம்னு பாக்காம கம்பி நாரை எடுக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைல வீட்டுக்காரரோட சேந்து 22 வருஷமா பாத்திரக்கடை நடத்தறேன். புதுசும் விப்போம், பழசை எடை போட்டு எடுத்துக்கிட்டு அந்த பணத்தை கழிச்சு புதுசும் குடுப்போம். காலைல கடைய தொறந்து தண்ணி தெளிச்சு விளக்கு ஏத்தினதும் உங்க பேப்பரைத்தான் கைல எடுப்பேன், அதுல வீட்டுக்குறிப்பு வர்ற பக்கத்துல ஒரு வரி விடமாட்டேன். போன மாசம் அதுல ஒரு குறிப்பு போட்டிருந்தீங்க, அடிப்பிடிச்ச எந்த பாத்திரமா இருந்தாலும் சலவை சோடா ரெண்டு கரண்டி போட்டு கொதிக்க விட்டு கம்பி நாரால அழுத்தி தேச்சா புதுசு மாதிரி ஆயிடும்னு. அந்த "எந்த பாத்திரமா இருந்தாலும்"னு போட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டரை எழுதறேன்.

குறிப்பு வந்து நாலஞ்சு நாள் கழிச்சு அஸ்தம்பட்டில இருந்து ஒரு பொண்ணு கடைக்கு வந்துச்சு, ஸ்கூல் டீச்சர். துணிப்பைக்குள்ள ஒரு அலுமினிய குண்டான். அவங்க அம்மா ஏற்காட்டுல காப்பி எஸ்டேட்ல வேலை பாத்தப்ப சம்பளத்துல வாங்கினதாம், அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆச்சாம். ஜவ்வரிசி கஞ்சி அடுப்புல வச்சுட்டு போன் பேச போயிருக்கு. சேலத்துக்காரங்களுக்கு ஜவ்வரிசிய பத்தி நான் சொல்லணுமா, ரெண்டு நிமிஷம் கிண்டாம விட்டா அடில போயி பசை மாதிரி உக்காந்துக்கும், அப்புறம் கருக ஆரம்பிச்சா வாசனை தெரு வரைக்கும் வரும். அந்த பொண்ணு பேப்பர்ல போட்டிருந்தத அப்படியே செஞ்சிருக்கு. தண்ணி புசுபுசுன்னு நுரைச்சுதாம், அழுக்குதான் கெளம்புதுன்னு நெனச்சு இன்னும் அரை மணி நேரம் கொதிக்க விட்டிருக்கு. கருகல் என்னமோ போயிடுச்சு. ஆனா உள்ள பூராவும் கரி பூசின மாதிரி கருப்பு, வெரல வச்சு தடவினா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு, வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா ஊசியால குத்தின மாதிரி பொடிப்பொடியா குழி. "எடைக்கு போட வரலைங்க அக்கா, இதை சரி பண்ண முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்"னு சொல்லும்போதே அதுக்கு கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு அன்னிக்கு சோறே எறங்கலைங்க.

அந்த நுரை அழுக்கு இல்லீங்க, அலுமினியமே கரையறது. அலுமினியத்து மேல காத்து பட்டதுமே கண்ணுக்கு தெரியாத ஒரு மெல்லிசு படலம் தானா உண்டாகும், அதுதான் அதுக்கு கவசம். சலவை சோடா, காஸ்டிக் சோடா மாதிரி காரமான சாமான் எதுவா இருந்தாலும் அந்த படலத்தை கரைச்சுட்டு உள்ள இருக்கற உலோகத்தையே அரிக்க ஆரம்பிச்சிடும், அப்ப வெளிய வர்ற ஹைட்ரஜன் வாயுதான் நுரையா தெரியுது. ஆப்பசோடா அந்தளவு இல்லைன்னாலும் அதை போட்டு கொதிக்க வச்சாலும் அலுமினியம் கருத்துத்தான் போகும். அலுமினியத்துக்கு ஒத்துக்கறது புளிப்புதான், அதுவும் அளவோட. அந்த குண்டான்ல முக்கா பாகம் தண்ணி ஊத்தி ஒரு நெல்லிக்காய் அளவு புளிய கரைச்சு விட்டு பத்து நிமிஷம் கொதிக்க வச்சேன், அந்த பொண்ணு பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. கருப்பு மெல்ல மெல்ல விட்டு வெள்ளை தெரிஞ்சுது. குழி மட்டும் குழியாவே நின்னுடுச்சு, அதை யாராலயும் திருப்ப முடியாது. அதுக்குன்னு புளிதண்ணிய ராத்திரி பூரா விட்டு வச்சாலும் தப்பு, புளிப்பும் அதே மாதிரி அரிக்கும், வேலை முடிஞ்சதும் கொட்டி கழுவிடணும்.

எங்க ஊருக்கும் அலுமினியத்துக்கும் ஒரு சொந்தம் உண்டுங்க. சேர்வராயன் மலையில பாக்சைட் வெட்டி லாரில மேட்டூருக்கு போயி அங்க ஆலைல அலுமினியம் ஆன காலம் ஒண்ணு இருந்துச்சு, என் சின்ன வயசுல அந்த லாரிங்களை பாத்திருக்கேன். மலையோட மண்ணு அந்த பொண்ணோட அம்மா கைக்கு குண்டானா வந்து சேந்துதோ என்னவோன்னு அன்னிக்கு நெனச்சுக்கிட்டேன்.

இப்ப எவர்சில்வருக்கு வர்றேன், ஏன்னா எங்க கடைக்கு வர்ற பழசுல பாதிக்கு மேல அதுதான். அடிப்பிடிச்சுடுச்சு, போகல, எடைக்கு எடுத்துக்கங்கன்னு கொண்டு வந்து வைப்பாங்க. வாங்கினா எனக்கு லாபம்தான், ஆனா நல்ல கேஜ் உள்ள கனமான போசிய கருகலோட பாத்தா மனசு கேக்காது. போன ஆடில கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்துல இங்க குகை ஏரியால இருந்து ஒரு அக்கா அஞ்சு லிட்டர் போசி ஒண்ணு கொண்டாந்தாங்க, பாயசத்துக்கு பால் வச்சு அடி தீஞ்சு போயி ரெண்டு நாளா கம்பி நாரால தேச்சு தேச்சு கை செவந்து போச்சுன்னாங்க. உள்ள பாத்தா நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு கருப்பு திட்டு அப்படியே இருக்கு, அதை சுத்தி பளபளப்பு போயி கோடு கோடா கீறல். அதாவது போக வேண்டியது போகல, போகக்கூடாதது போயிடுச்சு. நாளைக்கு வாங்கக்கான்னு சொல்லி வாங்கி வச்சுக்கிட்டேன்.

நான் செஞ்சது இவ்வளவுதான். கருகல் மூழ்கற அளவுக்கு தண்ணி, ஒரு ஸ்பூன் ஆப்பசோடா, சின்ன தீயில பத்து நிமிஷம், அப்புறம் அடுப்ப அணைச்சு மூடி வச்சுட்டு கடைய பூட்டிட்டு போயிட்டேன். காலைல வந்து மரக்கரண்டியோட மொனைய ஓரத்துல வச்சு லேசா தள்ளினேன், அந்த கருப்பு திட்டு ஒரு அப்பளம் கெளம்பற மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு மடங்கி வந்துச்சு, அடில பால் வெள்ளையா ஸ்டீல். மிச்சம் ஒட்டியிருந்தத தேங்கா நாரும் சோப்பும் போட்டு தேச்சதுல போயிடுச்சு. பால் தீயறதுன்னா அதுல இருக்கற புரதமும் சர்க்கரையும் அடில போயி ஒட்டி கருகறதுதான், அது ஊறணும், ஊறினா பிடி விடும். கை பலத்துல ஒண்ணும் இல்லைங்க, நேரம்தான் மருந்து, நம்மகிட்ட இல்லாததும் அந்த நேரம்தான்.

எதனால கருகுச்சுன்னு பாத்தா பாதி வேலை முடிஞ்சுது. வெல்லப்பாகு, சர்க்கரை தீஞ்சிருந்தா சோடாவும் வேணாம் ஒண்ணும் வேணாம், தண்ணி ஊத்தி கொதிக்க வச்சாலே முக்காவாசி கரைஞ்சிடும். சோறு, கூழு, ராகி, ஜவ்வரிசி எல்லாம் மாவு, அதுக்கு ராத்திரி பூரா ஊறல். எண்ணெய் மட்டும்தான் பிடிவாதக்காரன், வடச்சட்டி ஓரத்துல பழுப்பா பிசுபிசுன்னு அரக்கு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, எண்ணெய் சூட்டுல இறுகி வார்னிஷ் மாதிரி ஆன படலம் அது, அதுக்கு ஸ்டீலா இருந்தா ஆப்பசோடாவ தண்ணில குழைச்சு பூசி ஒரு மணி நேரம் விட்டுட்டு தேக்கலாம்.

உருக்காலைல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் எங்க கடைக்கு வந்து உக்காந்து பேசுவாரு, அவர்தான் ஸ்டீல பத்தி எனக்கு வெவரமா சொன்னவரு. நம்ம சேலம் உருக்காலைல 1981ல இருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உருட்டறாங்க, 304னு சொல்ற தரத்துல 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் வாக்குல இருக்கும், அந்த குரோமியம்தான் மேல ஒரு படலமா நின்னு துரு பிடிக்காம காப்பாத்துதுன்னு சொல்வாரு. கீறல் விழுந்தாலும் அந்த படலம் காத்து பட்டு திரும்ப வளந்துக்குமாம், ஆனா ரெண்டு விஷயம் அதுக்கு எமன். ஒண்ணு குளோரின் சேந்த சாமான், அதாவது பிளீச்சிங் பவுடர், உப்பு. இன்னொண்ணு சாதா இரும்பு கம்பி நார், அதோட துணுக்கு பாத்திரத்துல பதிஞ்சு நின்னு அதுதான் துரு பிடிக்குது, நாம ஸ்டீல் துருப்பிடிக்குதுன்னு கடைக்காரங்கிட்ட சண்டைக்கு வர்றோம். உப்பும் அதே கதைதான், பச்சத்தண்ணில கல்லுப்ப போட்டு அடுப்புல ஏத்தினா அது அடில தங்கி பொட்டு பொட்டா அரிக்கும், தண்ணி கொதிச்சதுக்கு அப்புறம் போடுங்க. (காந்தம் ஒட்டலைன்னா 304னு நெறைய பேர் நம்பறாங்க, அது தப்புங்க, நிக்கல் கம்மியா இருக்கற 202, ஜே4 தரமும் காந்தத்துல ஒட்டாது. வெலைல வித்தியாசம் இருந்தா கேட்டு வாங்குங்க.)

அதிக சூடு பட்டு ஸ்டீல்ல வானவில் மாதிரி நெறம் ஓடியிருந்தா, இல்ல போர் தண்ணி உப்பு வெள்ளை வெள்ளையா படிஞ்சிருந்தா அது கருகல் இல்ல, தேக்கவே தேவையில்ல, எலுமிச்சை மூடிய வச்சு தடவி கொஞ்ச நேரம் விட்டு கழுவினா போயிடும். இட்லி பாத்திரத்துல ஒரு துண்டு புளியோ பிழிஞ்ச எலுமிச்சை மூடியோ போட்டு வேக வைக்கறது நம்ம வீட்டு பெரியவங்க காலங்காலமா செய்யறதுதான், அது இதுக்குத்தான்.

ஒண்ணு மட்டும் பயந்து சொல்றேன். பாத்ரூம் கழுவற ஆசிட்ட பாத்திரத்துல ஊத்தறவங்க இருக்காங்க, ஒரு ஓட்டல்ல வேலை பாக்கற தம்பி அண்டாவுக்கு ஆசிட் ஊத்தி, போகலைன்னு மேல பிளீச்சிங் பவுடரையும் கொட்டியிருக்கான். அது ரெண்டும் சேந்தா குளோரின் வாயு வரும், மூச்சு அடைச்சு அவன தூக்கிக்கிட்டு ஓடினாங்களாம். பாத்திரம் போனா போவட்டும் ஐயா, உயிர் போனா வருமா. இதை உங்க பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டாலும் தகும்.

என் கையால ஒரு பாத்திரம் போனதையும் சொல்லிடறேன். கல்யாணம் ஆகி வந்த புதுசு, 1998. என் மாமியார் வச்சிருந்த கல்சட்டி, அவங்களுக்கு அவங்க மாமியார் குடுத்தது, எண்ணெய் குடிச்சு குடிச்சு கருகருன்னு மின்னும். அதுல புளிக்குழம்பு வச்சேன், கல்சட்டி அடுப்ப அணைச்சாலும் நெடுநேரம் கொதிச்சுக்கிட்டே இருக்கும்ங்கறது எனக்கு தெரியல, அடி பிடிச்சிடுச்சு. திட்டு வாங்கக்கூடாதுன்னு பதறி சூடோட கொண்டு போயி குழாய்த் தண்ணில புடிச்சேன். டப்புனு ஒரு சத்தம், விளிம்புல இருந்து அடி வரைக்கும் ஒரு கோடு விட்டு ரெண்டா போச்சு. மாமியார் ஒண்ணுமே சொல்லல, அந்த ரெண்டு துண்டையும் கழுவி துடைச்சு துளசி மாடத்துக்கு கீழ வச்சாங்க. அவங்க திட்டியிருந்தா எனக்கு மறந்திருக்கும்.

அதனால யார் கல்சட்டி வச்சிருந்தாலும் சொல்லுவேன், தானா ஆறட்டும், அப்புறம் சோறு வடிச்ச கஞ்சிய ஊத்தி ராத்திரி ஊற விடுங்க, தேங்கா நார் போதும், சோப்பு வேணாம், கல்லு சோப்ப உறிஞ்சிக்கும், அடுத்த நாள் குழம்புல அந்த வாசனை வரும். சூட்டுல பச்சத்தண்ணி எந்த பாத்திரத்துக்குமே ஆகாதுங்க, நான்ஸ்டிக் தவாவும் அப்படித்தான் கோணிக்கிட்டு போயி நடுவுல மேடாகுது.

நான்ஸ்டிக்ல கருகினா வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திர சோப்பும் ஊத்தி ஊற வச்சு மெத்துன்னு இருக்கற ஸ்பாஞ்சால துடைங்க, அவ்வளவுதான், கம்பி நாரும் கூடாது, பவுடரும் கூடாது. காலியா அடுப்புல வச்சு காய விடாதீங்க, 260 டிகிரிக்கு மேல போனா அந்த பூச்சு கெட ஆரம்பிக்கும், ரொம்ப சூடானா வர்ற புகை பறவைங்களுக்கு உயிரையே எடுக்கும், லவ் பேர்ட்ஸ் வளக்கறவங்க கவனமா இருங்க. இரும்பு தோசைக்கல்லுக்கு நேர் எதிர் வைத்தியம், அதை தண்ணில ஊற போட்டாலே துரு. லேசா சூடு பண்ணி கல்லுப்ப ஒரு கை தூவி தேங்கா நாரால தேச்சு, துடைச்சு, அடுப்புல ஈரம் போக காய வச்சு, அரை வெங்காயத்துல நல்லெண்ணெய் தொட்டு தடவி வைங்க. கல்லு மேல இருக்கற அந்த கருப்பு அழுக்கு இல்ல, எண்ணெய் இறுகி இறுகி உண்டான படலம், அதை சுரண்டி வெள்ளையாக்கிட்டு தோசை ஒட்டுதுன்னு அழுதா என்ன பண்றது.

பித்தளை வச்சிருக்கறவங்க இப்ப மறுபடியும் ஜாஸ்தி ஆயிட்டாங்க, சந்தோஷம். ஆனா உள்ள பூசியிருக்கற ஈயத்தை மறந்துடறாங்க. வெள்ளீயம் 232 டிகிரிலயே உருகிடும், அதனால தண்ணி வத்தி காஞ்சா பூச்சு அப்படியே உருண்டு ஒரு பக்கம் ஒதுங்கிடும். பொங்கல் அடிப்பிடிச்சா ஊற வச்சு மரக்கரண்டியால எடுக்கறதோட நிறுத்திக்கங்க, நாரு போட்டு தேச்சா ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் ஈயம் போகும். உள்ள மஞ்சள் தெரிஞ்சுதுன்னா புளி, தக்காளி, தயிர் எதையும் அதுல வைக்காதீங்க, ஈயம் பூசறவர்கிட்ட குடுங்க. பாத்திரத்தை நெருப்புல காட்டி நவச்சாரப் பொடிய தூவி ஈயக்குச்சிய ஒரு தேய் தேச்சு பஞ்சால ஒரு சுத்து சுத்தினா உள்ள நெலா வெளிச்சம் மாதிரி வந்து நிக்கும். அந்த வேலை தெரிஞ்சவங்க கொறைஞ்சுக்கிட்டே வர்றாங்க, கூப்பிட்டு வேலை குடுங்க.

இன்னொரு விஷயம் மனச அறுக்குது, அதையும் எழுதிடறேன். வீட்டு வேலை செய்யற அக்காங்க மேல எவ்வளவு பழி விழுது தெரியுங்களா. நான்ஸ்டிக்ல கீறல் போட்டுட்டா, புது குக்கர கருப்பாக்கிட்டான்னு கடைல வந்து சொல்றாங்க, சம்பளத்துல புடிச்சவங்களையும் எனக்கு தெரியும். நான் கேப்பேன், அவங்களுக்கு தேக்க என்ன குடுத்தீங்கன்னு. எல்லாத்துக்கும் ஒரே கம்பி நாரு, ஒரே பவுடர். அவங்க நாலு வீட்டுல வேலை பாக்கறாங்க, உங்க வீட்டுல எது ஸ்டீலு எது கோட்டிங்னு நீங்க சொன்னாத்தானே தெரியும். ரெண்டு நாரு வாங்கி வைங்க, ஒண்ணு தேங்கா நாரோ பீர்க்கங்கா நாரோ, ஒண்ணு ஸ்பாஞ்சு, எது எதுக்குன்னு மொத நாளே காட்டி குடுங்க. கருகினத ராத்திரியே தண்ணி ஊத்தி வச்சுட்டா காலைல வர்றவங்களோட தோள்பட்டைக்கு புண்ணியமா போகும்.

அதனால ஆசிரியர் ஐயாகிட்ட கேக்கறது இதுதான். இனிமே இந்த மாதிரி குறிப்பு போடும்போது எந்த உலோகத்துக்குன்னு ஒரு வார்த்தை சேத்து போடுங்க. சலவை சோடா அலுமினியத்துக்கு ஆகாதுன்னு ஒரு திருத்தமும் போடுங்க, சின்னதா இருந்தாலும் பரவால்ல, அதே பக்கத்துல அதே இடத்துல வரணும், ஏன்னா அந்த குறிப்ப கத்தரிச்சு சமையல்கட்டுல ஒட்டி வச்சிருக்கறவங்க இருப்பாங்க.

குக்கர பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. பருப்போ கெழங்கோ தண்ணி வத்தி கருகிடுச்சுன்னா உள்ள தேச்சு கழுவினதோட விடாதீங்க, மூடிய தூக்கி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு வெயிட் உக்கார்ற ஓட்டை வழியா பாருங்க, வெளிச்சம் தெரியணும், தெரியலைன்னா ஊசிய விட்டு எடுங்க. காஞ்சு போன குக்கர்ல சேஃப்டி வால்வ் உருகியிருக்கும், அது உருகத்தான் வச்சிருக்காங்க, அதை எம்சீல் போட்டு அடைக்காம அதே கம்பெனி வால்வ் வாங்கி மாத்துங்க. கேஸ்கெட்டும் சூட்டுல வெறச்சுப் போயிருந்தா அன்னிக்கே மாத்திடுங்க.

இப்படிக்கு,
பாத்திரக்கடைக்காரம்மா,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.